மலைமேல் திறக்காத பக்கம்

"டீச்சர், இங்கே பட்டுன்னு திறக்கிற என் பக்கம் மலைமேல மட்டும் ஏன் வெள்ளையாவே நிக்குது?"

கேட்டவர் மாரப்பன். வயது ஐம்பத்து மூன்று. மலையூர்களுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்.

போன வருடம், பாம்பு கடித்த ஒரு பெண்ணை அவர் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி இல்லை. அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் உயிர் போய்விட்டது.

இன்று எந்த ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறது? அதைப் போனில் எவரும் பார்க்கும்படி ஓர் இணையப் பக்கம் செய்தே தீருவது என்று, கணினி சொல்லித்தரும் நஸீமாவிடம் படிக்க வந்தார். அவளுக்கு அவர் வயதில் பாதி.

நஸீமா அவருடைய பக்கத்தின் பகுதிகளைத் தனித்தனித் தாளில் அச்சடித்துக் கீழ்த்தளத்து மேசையில் வைத்துவிட்டு மாடியேறி வந்தாள்.

"ஐயா, இப்ப நீங்கதான் பிரவுசர். இந்த மாடிப்படிதான் மலைமேல கிடைக்கிற மெலிஞ்ச சிக்னல். போய் அந்தப் பக்கத்தை எனக்குக் கொண்டாங்க. ஒரு நடைக்கு ஒரு தாள்."

முதல் தாளோடு வந்தார்.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"அலங்கார எழுத்து கொண்டு வா. பூ உதிர்கிற அசைவு கொண்டு வா. அதெல்லாம் வர்றவரைக்கும் எதையும் காட்டாதே."

"போங்க."

அலங்கார எழுத்தைக் கொண்டுவந்தார். அசைவைக் கொண்டுவந்தார். அது இன்னும் நான்கு தாள் கேட்டது.

ஐந்தாம் நடையில் மூட்டு வலித்தது. கைப்பிடியைப் பிடித்து ஏறினார். நஸீமா உட்காரச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆறாம் நடையில் பாதிப்படியில் நின்றுவிட்டார்.

"டீச்சர்! ஆஸ்பத்திரி பேரெல்லாம் முதல் தாள்லயே இருக்கே!"

"ஆமா."

"அப்பவே காட்டியிருக்கலாமே?"

"காட்டாதேன்னு எழுதினது யாரு?"

மாரப்பன் படியிலேயே உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் கணவன் வண்டிக்குள்ளிருந்து, "இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்டுக்கொண்டே வந்தது நினைவில் எழுந்தது.

எழுந்துபோய்க் கணினி முன் அமர்ந்தார். பூக்களை அழித்தார். அலங்கார எழுத்தை அழித்தார். தன் புகைப்படத்தின் முன் சற்றுத் தயங்கி, அதையும் அழித்தார்.

மிஞ்சியது நான்கு ஆஸ்பத்திரி, நான்கு போன் நம்பர், ஊசி உண்டா இல்லையா.

பத்து நாள் கழித்து வந்தார்.

"மலைமேல மூங்கிலடி ஊர்ல ஒரு ஆளைப் பாம்பு கடிச்சிருச்சு டீச்சர். வண்டியை நிறுத்தி இறங்கினேன். அவர் சம்சாரம் கையில போன். அதுல நம்ம பக்கம்."

"பக்கம் எப்படியிருக்குன்னு சொன்னாங்க?"

"பக்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுங்கன்னாங்க."