பீமை விட்டவன்

“மேடம், என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்றான் சீடன்.

குரு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

குருவின் பெயர் ரஹமத்நிஷா. வயது முப்பத்து மூன்று. துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்கு அன்று அவர்தான் பொறுப்பு. சீடனின் பெயர் தங்கமாரியப்பன். வயது நாற்பத்தொன்று. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவன், அந்த வேலையை உதறிவிட்டு இங்கே கற்றுக்கொள்ள வந்தான்.

சீடனுக்குத் தொப்பை இருந்தது. குருவுக்கு இல்லை. முறைப்படி இது தலைகீழ்.

“என்னாச்சு, வாத்தியாரே?”

“பீம் விழுந்துடுச்சு.”

பூமிக்கடியில் ஒரு வளையம். வளையத்துக்குள் காற்றுகூட இல்லாத குழாய். குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒளியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்துக்குப் பேர்தான் பீம். காந்தங்களால் தட்டித் தட்டி அதை வழியில் வைப்பது சீடனின் வேலை. அன்றுதான் முதல் முறையாகத் தனியாக ஓட்டினான்.

டீ ஆறுவதற்குள் விழுந்துவிட்டது.

“எப்படி விழுந்துச்சு?”

“திரையில பீம் இடது பக்கம் ஒதுங்குச்சு. நான் வலது பக்கம் தள்ளுனேன்.”

“சரிதானே.”

“கேமரா எதிர்ல நின்னு பாக்குது மேடம். அதோட இடது, பீமுக்கு வலது. ஒதுங்குன பக்கமே இன்னும் தள்ளிவிட்டுட்டேன்.”

“கண்ணாடியப் பாத்து மீசை கத்தரிச்ச மாதிரி” என்றார் குரு.

அறையிலிருந்த மற்ற நாலு பேரும் திரைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

சீடன் சிரிக்கவில்லை. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினான். அந்த அட்டையைக் காட்டினால்தான் இந்த அறையின் கதவு திறக்கும். அதை மேசையில், கடலைத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“எங்க பிரின்ஸ்பால் அப்பவே சொன்னார்.”

“என்ன சொன்னார்?”

சீடன் குரலைக் கனமாக்கி, மூக்கால் பேசினான். “யாருப்பா அது, மாரியப்பனா? போ போ. போன பஸ்லயே திரும்பி வருவ. அன்னைக்கு இங்க உனக்கு நாற்காலி இருக்காதுப்பா.”

குருவின் கை நின்றது.

“அந்தக் கடைசி ‘ப்பா’வை இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னான்.

“நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தார்.

சீடனின் செல்போன் அடித்தது. மாமனார்.

பீம் விழுந்த கையோடு, ‘பீம் விழுந்துடுச்சு, எல்லாம் போச்சு’ என்று மனைவிக்குச் செய்தி அனுப்பியிருந்தான். அவள் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அப்பா கட்டட மேஸ்திரி. அவருக்குத் தெரிந்த பீம் சிமென்ட்டும் கம்பியும் போட்டது.

“மாப்ள, பீம் விழுந்துருச்சாமே. யாருக்கும் அடி கிடி படலையே?”

“இல்ல மாமா.”

“அடியில யாரும் மாட்டிக்கலையே?”

“இல்ல மாமா, அது வந்து…”

“அப்புறம் என்ன மாப்ள, எல்லாம் போச்சுங்கிறீங்க? நான் செருப்பக்கூடப் போடாம பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன். கம்பி ஒழுங்காக் கட்டியிருக்க மாட்டானுக. மறுபடி தூக்கிக் கட்டச் சொல்லுங்க.”

வைத்துவிட்டார். அவர் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“அவர் கேட்டதுதான் கேள்வி” என்றார் குரு. “யாருக்கும் அடி படல. சரி, பீம் எங்க விழுந்துச்சு?”

“டம்ப்ல.”

“அப்படின்னா?”

குருவுக்குத் தெரியாததா? இருந்தாலும் சொன்னான். “சுரங்கத்துல தனியா ஒரு கிளை போகுது. அது முடியுற இடத்துல ஒரு கிராஃபைட் கட்டை. சுத்திலும் கான்கிரீட். பீம் தடம் மாறினா மெஷினே அதைக் கொண்டுபோய் அங்க கொட்டிடும்.”

“அதை எப்பக் கட்டினாங்க?”

“முதல் பீமை ஓட்டுறதுக்கு முன்னாடியே.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

சீடன் யோசித்தான். “ஒன்பதாங் கிளாஸ்ல.”

“ம்” என்றார் குரு.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். நசுங்கிய தூக்குவாளி ஒன்றை எடுத்துவந்து சீடனின் கையில் கொடுத்தார். வாசலைக் காட்டினார்.

சீடன் வெளியே வந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அட்டை உள்ளே.

பழைய குருமார்கள் திருவோடு கொடுத்து அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். இங்கே வாளி போலிருக்கிறது. வேலை மட்டும்தான் போனது என்று நினைத்திருந்தான்.

அந்த வளாகத்தில் எந்தப் பக்கம் நடந்தாலும் கேன்டீன்தான் வரும். வந்தது. கேன்டீன் மாஸ்டர் சூசை நிமிர்ந்து பார்த்தார். முகத்தை அல்ல, வாளியை. அடுப்பைத் தூண்டிவிட்டார்.

“இன்னைக்கு நீங்களா சார்?”

“எது நானா?”

“பீமை விட்டது.” மாவைக் கிள்ளி எண்ணெயில் போட்டார். “போன ஆடியில விழுந்ததோட சரி. நீங்க வந்ததுல இருந்து விழவே இல்ல. பாவம், உள்ள இருக்கிறவங்க போண்டா பாத்து எத்தனை நாளாச்சு.”

“விட்டவங்க போண்டா வாங்கணுமா?”

“பின்ன?”

“வாளி எதுக்கு?”

“சட்னிக்கு சார். கவர்ல கட்டிக் குடுத்தா மேடம் திட்டுவாங்க.”

சீடன் ஒரு கையில் சுடச்சுடப் பொட்டலமும் இன்னொரு கையில் வாளியுமாகத் திரும்பி வந்தான். கதவைத் திறக்க அட்டை இல்லை. தட்டக் கையும் இல்லை. காலால் தட்டினான்.

உள்ளேயிருந்து ஒரு குரல். கனமாக, மூக்கால்.

“யாருப்பா அது?”

பிரின்ஸ்பால் இங்கே எப்படி?

யாரோ களுக்கென்று சிரித்ததும், யாரோ அவரை அடக்கியதும் கேட்டது. அப்போதுதான் அது குருவின் வேலை என்று புரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“பீமை விட்டவன்.”

“அப்படிப் பொத்தாம் பொதுவாச் சொன்னா எப்படிப்பா? இங்க இருக்கிற எல்லாரும் அதுதான். பேரைச் சொல்லு.”

சிரிப்பில் குலுங்கிப் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் சட்னி பாதி சிந்திவிட்டது.