ஓடையில் நடந்த குச்சி

“இது என்ன ஊருன்னு எனக்கே தெரியாதுப்பா” என்று எந்த பஸ் கண்டக்டராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சொரிமுத்து முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும், ஊருக்கு மேற்கே இருக்கும் சின்னக் காப்புக்காட்டில் வழிகாட்டி வேலை பழக வந்தார். பழக்குகிற செண்பகம் அவர் மகளைவிடச் சின்னவள். ஆனாலும் அவருக்கு டீச்சர்.

மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர் தனியாகக் கூட்டிப் போகலாமா கூடாதா என்பதைச் செண்பகம் இன்றைக்குச் சொல்ல வேண்டும். சொரிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“எண்பத்தாறு மரத்துக்குப் பேரு மனப்பாடம், டீச்சர். மிச்சத்தையும் சொல்லிக் குடுத்துருங்க. பிள்ளைங்க கேட்டு நான் முழிச்சா அசிங்கம்லா.”

“அண்ணாச்சி, நான்தான் அந்தப் பிள்ளைன்னு வச்சுக்கிடுங்க. நடங்க.”

அவள் கைகாட்டக் கைகாட்ட, டிக்கெட் கிழிப்பதுபோல் பெயர்களைக் கிழித்துக் கொடுத்தார். நீர்மருது. புங்கை. நாவல்.

ஓடை வந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர். கூழாங்கல்லின் மேல் விரல்நகம் நீளத்தில் ஒரு குச்சி.

“தாத்தா, இது என்ன?” செண்பகம் பிள்ளைக் குரலில் கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. வாய் சும்மா இருந்தால்தானே?

“இது ஓடைக்குச்சி, பாப்பா.”

“சரி தாத்தா.” அவள் விறுவிறுவென்று நடையைக் கட்டினாள்.

“என்ன டீச்சர், நின்னு பாக்கலையா?”

“அதான் பேரு தெரிஞ்சுபோச்சே.”

அவர் முகம் சுண்டிப்போனது. போனால் போகட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

“சும்மா அடிச்சு விட்டேன், டீச்சர். அது என்னன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“தெரியாதா!” செண்பகம் திரும்பி ஓடி வந்தாள். சேலை நனைவதைப் பார்க்காமல் தண்ணீரில் முழங்கால் போட்டாள். “அப்போ வாங்க, வாங்க! குனிஞ்சு பாருங்க!”

இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. குச்சி அசைந்தது. பார்த்தால் அது குச்சியே இல்லை. மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டிக் கட்டின குட்டிக் குழாய். ஒரு முனையில் கறுப்பாய்த் தலை எட்டிப் பார்த்தது. பிறகு ஆறு கால். குழாயை இழுத்துக்கொண்டு தண்ணீரை எதிர்த்து அது கிளம்பிவிட்டது.

“ஏ, நடக்கு! வீட்டோட நடக்கு, டீச்சர்!”

அவர் போட்ட சத்தத்தில் மரத்து மைனாக்கள் எல்லாம் பறந்தன.

செண்பகம் சேலையைப் பிழிந்தாள். “நாளைக்குப் பிள்ளைங்களை நீங்களே கூட்டிட்டு வாங்க, அண்ணாச்சி. இதோட பேரு வந்து...”

சொரிமுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“ஐயோ, நாளைக்குப் பிள்ளைங்க வந்து பாக்குற வரைக்கும் எங்கிட்ட சொல்லிராதீங்க, டீச்சர்!”