வீடு என்கிற பட்டன்

‘வீடு’ என்று எழுதியிருந்த இடத்தை அப்பா ஏழாவது தடவையாக அமுக்கினார். ஏழாவது தடவையும் திரையில் கல்லூரித் தாளாளரின் படம் வந்து சிரித்தது.

“என்னட்டி இது, எங்க அமுக்குனாலும் இந்த ஆளே வாராரு?”

“ஹாஸ்டல் வேற எங்கயாவது இருக்கும்ப்பா. மவுஸைக் குடுங்க.”

“வீடுன்னு தெளிவா போட்டிருக்குல்லா? தங்குற எடம் அதுலதான இருக்கணும்?”

எட்டாவது தடவை அமுக்கினார். தாளாளர் சிரித்தார். கூடவே கல்லூரிப் பாட்டும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.

மணி மூணே முக்கால். விண்ணப்பம் போடக் கடைசி நாள் இன்றுதான், அஞ்சு மணி வரைக்கும். அதைக் கண்டுபிடித்ததே பெரும்பாடு. அந்தத் தேதி பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்கிறதுக்குள் போய்விடும். மறுபடி வர வேண்டுமென்றால் கல்லூரி வாங்கின விருதும் அதற்கு வந்த வாழ்த்தும் எல்லாம் ஓடி முடிய வேண்டும். டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி அந்த ஒரு வரிக்காக நின்றோம்.

விஷயம் இதுதான். ஹாஸ்டல் இருந்தால் நான் கல்லூரிக்குப் போவேன். இல்லாவிட்டால் கிடையாது. எங்கள் ஊருக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும், இறங்கின பிறகு காட்டு வழியில் நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். தினமும் அதை நடக்க அப்பா விடமாட்டார். ஹாஸ்டல் இருக்கிறது என்று தெரியாமல் விண்ணப்பம் போடவும் விடமாட்டார். நாலு இருபது பஸ்ஸில் ஏறினால்தான் அவர் வாழைத்தார் லோடு ஏற்றப் போக முடியும்.

கல்லூரி ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. நேராகப் போய்க் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். போனோம். வாட்ச்மேன், “உள்ள விழா வேலை நடக்கு. யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு. எல்லாம் வெப்சைட்ல இருக்கு, பாத்துக்கோங்க” என்றார். வெப்சைட்டுக்கு வந்தோம். தாளாளர் சிரித்தார்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது அமலி அக்காவின் பிரவுசிங் சென்டர். என் விண்ணப்பம் முழுவதையும் அக்கா தட்டி முடித்துவிட்டார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“நான் அங்க படிக்கிறப்ப ஹாஸ்டல் கட்டல. ஆனா அதைப் பத்தி ஏதோ ஒண்ணு இதுக்குள்ள இருக்கு அண்ணாச்சி” என்று அப்பாவிடம் சொன்னார். “ரெண்டு வருசம் முன்னாடி நானே ஒரு தடவை பாத்தேன். அதுக்கப்புறம் என் கண்ணுல அது படவே இல்ல.”

அப்போதுதான் ஒருவர் வேகமாக உள்ளே வந்தார். கண்ணாடி, சட்டைப் பையில் ரெண்டு பேனா, நெற்றியில் வியர்வை.

“அமலி, ஒரு அவசரம்மா.”

“வாங்க சார்.”

அவர்தான் ஆறுமுகநயினார் சார். அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் துறைத் தலைவர். வெப்சைட்டைச் செய்ததே அவர்தான். அக்கா அவரிடம் படித்தவர், அவர் பேப்பரில் ரெண்டு அரியர் வைத்தவர். இப்போது வெப்சைட்டில் ஏதாவது சந்தேகம் என்றால் சார்தான் ரோட்டைத் தாண்டி அக்காவிடம் வருவார். பாதி டவுனுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறது அக்கா. எந்தக் கல்லூரி வெப்சைட்டில் ஜனங்கள் எங்கே முட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று அவருக்கு அத்துப்படி.

“நாளைக்குத் தாளாளருக்கு அறுபதாவது பிறந்த நாள்” என்றார் சார். “முதல் பக்கத்துல அவர் படத்தை இன்னும் பெருசாக்கணுமாம். அது மேல பூ விழணுமாம். ரோஜா இதழ், மெதுவா, ஒண்ணு ஒண்ணா.”

“போட்டோ மேல பூவா?” அக்கா மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினார். “அவரு நல்லாத்தான சார் இருக்காரு?”

“ஐயோ, வாயைக் கழுவும்மா.”

அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். சாருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டார்.

“சிரிக்காத அமலி. நாலு வருசமா இதோட மல்லுக்கட்டுறேன். பாட்டு வெச்சேன். ஓடுற எழுத்து வெச்சேன். போன மாசம் மொத்தத்தையும் மெஷின்ல குடுத்துத் தமிழ்ல மாத்தினேன். ஒரு ஆள் நல்லா இருக்குன்னு சொல்லலை. நீயே சொல்லு. நல்ல வெப்சைட்னா என்ன?”

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க” என்றார் அப்பாவிடம். “சார், நீங்க அங்க உக்காருங்க. இந்தப் பிள்ள பேரு இசக்கியம்மாள். இதுக்கு ஹாஸ்டல் உண்டான்னு பாத்துச் சொல்லுங்க.”

“இதுக்கு எதுக்கும்மா உக்காரணும்? ஹாஸ்டல்தான—”

“சார்!” அக்கா கையைத் தூக்கினார். “வாயால சொல்லக் கூடாது. இப்ப நீங்க துறைத் தலைவர் இல்ல. வாழைத்தார் ஏத்துற அண்ணாச்சி. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வெப்சைட் சொன்னா சொல்லட்டும். பத்து நிமிஷத்துக்கு நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

“எனக்குத் தெரிஞ்சிருந்தாலுமா?”

“தெரிஞ்சிருந்தாலும்தான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் தெரிந்த ஆள் கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். உண்டு, இல்லை. ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு விளையாட்டா?

“அக்கா, எங்களுக்கு நாலு இருபதுக்கு பஸ்.”

“தெரியும். பொறு.”

பொறுக்கிறது எனக்கு வராது. ஆனால் கணினி அவருடையது, விண்ணப்பமும் அவர் கையில். நின்றேன்.

சார் தெம்பாகத்தான் ஆரம்பித்தார். முதலில் ‘வசதிகள்’. வரிசையாகப் படம் வந்தது. சுற்றுச்சுவர். நீரூற்று. நீரூற்றைத் திறந்து வைக்கிற தாளாளர். நீரூற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற தாளாளர்.

‘பார்வை’ என்று இன்னொன்று இருந்தது.

“கண்ணாஸ்பத்திரியும் நடத்துறீகளா?” என்றார் அப்பா.

“இல்லய்யா, அது விஷன். அதாவது எங்க லட்சியம்—”

“சார், வாய்.”

சார் வாயை மூடினார். ‘தொடர்பு’க்குப் போனார். போன் நம்பர் இல்லை. மூணு கட்டம் இருந்தது. பெயர், பொருள், செய்தி. ‘தங்கள் பொன்னான கருத்துக்கு ஏழு வேலை நாட்களில் பதிலளிக்கப்படும்’ என்று கீழே போட்டிருந்தது. சார் அதை ரெண்டு தடவை படித்தார். மணியைப் பார்த்தார். அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்தார்.

பழக்கதோஷத்தில் அவரும் ‘வீடு’ பட்டனை அமுக்கினார். தாளாளர். பாட்டு.

“சே, இந்தப் பாட்டை எவன்—” என்று ஆரம்பித்தவர், எவன் என்று ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அப்பா குனிந்து, “ஐயா, அந்த வீட்டுக்குள்ள நானும் எட்டுத் தடவை போய்ட்டு வந்துட்டேன். அங்க அவரு மட்டும்தான் இருக்காரு” என்றார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹோம் என்று இருந்ததை மெஷின் வீடு என்று மாற்றினது, அதை அப்படியே தூக்கி வைத்தது, எல்லாம் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சொல்லத்தான் முடியவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ‘பதிவிறக்கம்’ என்பதற்குள் போய், அதில் ‘சுற்றறிக்கை’, அதற்குள் ‘இதர’ என்று ஒரு மூலையைத் தொட்டார். ஒரு காகிதத்தின் படம் திறந்தது. படுத்துக் கிடந்தது. நாலு பேரும் ஒரே பக்கமாகக் கழுத்தைச் சாய்த்தோம்.

‘பெண்கள் விடுதி’ என்று தலைப்பு. அப்பா கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வரியையும் படித்தேன்.

‘வெள்ளையடிக்கும் பணி நடைபெறுவதால் மறு அறிவிப்பு வரும் வரை விடுதியில் மாணவியர் சேர்க்கை இல்லை.’

தேதி நாலு வருஷத்துக்கு முந்தினது. மறு அறிவிப்பைச் சார் தேடினார். அந்த ‘இதர’வுக்குள் வேறு எதுவுமே இல்லை.

அப்பா கழுத்தை நிமிர்த்தினார்.

“இல்லைன்னு போட்டிருக்கு.”

“அது பழசுப்பா. வெள்ளையடிக்க நாலு வருசமா ஆகும்?”

“இல்லைன்னு எழுதி கையெழுத்துப் போட்டிருக்காகல்லா. வா பிள்ள. அடுத்த வருசம் பாப்போம்.”

அடுத்த வருஷம் என்று ஒன்று எங்கள் வீட்டில் வந்ததே இல்லை. அது அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்தார்.

நான் சாரைப் பார்த்தேன். உதட்டை இறுக்கி மூடியிருந்தார். கன்னம் ரெண்டும் உப்பியிருந்தது, குடித்த தண்ணீரை விழுங்க விடாத மாதிரி. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

அப்பா வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினார்.

“இருக்குய்யா!”

சார் கத்தின கத்தில் அப்பா மற்ற செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

“இருக்கு, ஹாஸ்டல் இருக்கு. கேன்டீனுக்குப் பின்னால, ரெண்டு மாடி. நான் டெய்லி அதைத் தாண்டித்தான் போறேன். வெள்ளையடிச்சது அந்த வருசமே முடிஞ்சிருச்சு. இன்னைக்குக் காலையில கூட பதினோரு இடம் காலின்னு சொன்னாங்க.”

“ஒரு ரூமுக்கு எத்தனை பிள்ளைக?” அப்பா வாசலிலிருந்தே கேட்டார்.

“நாலு பேர்.”

“யாரு பாத்துக்கிடுவா?”

“ரெஜினா மேடம். அங்கயேதான் குடியிருக்காங்க. எனக்கே அவங்களைக் கண்டா பயம்.”

அப்பா அந்தப் பதிலை ரசித்தது தெரிந்தது. ஒரு அடி உள்ளே வந்தார்.

“தண்ணி?”

“போர் தண்ணி எப்பவும் வரும். குடிக்கத் தனியா வெச்சிருக்கு.”

“பிள்ள ஊருக்கு வரணும்னா?”

“நீங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் விடுவோம். வேற யாரு வந்து மாமா சித்தப்பான்னு சொன்னாலும் விட மாட்டோம்.”

“கறி போடுவீகளா?”

“ஞாயித்துக்கிழமை.”

“மொட்டை மாடிக்குப் போக விடுவாங்களா?” இது நான்.

“துணி காயப்போட மட்டும். ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க.”

சார் நிறுத்தவே இல்லை. வார்டன் நம்பர், என்ன என்ன கொண்டுவர வேண்டும், பக்கெட் வாங்க வேண்டாம் அங்கேயே தருவார்கள் என்பது வரைக்கும் சொன்னார். பின்னாலே டகடகவென்று தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்பா மாட்டின செருப்பைக் கழற்றினார்.

“அமுக்கும்மா” என்றார் அக்காவிடம்.

அக்கா அமுக்கினார். மணி நாலு ஆறு. ‘தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது’ என்று வந்தது. அதிலும் ஓரத்தில் தாளாளர் சிரித்தார். போகட்டும், சிரித்துக்கொள்ளட்டும் என்று இருந்தது எனக்கு.

சார் நெற்றியைத் துடைத்தார்.

“நீ சொன்னபடி இருக்க முடியலைம்மா.”

அக்கா தன் திரையைச் சார் பக்கம் திருப்பினார். மேலே ‘ஹாஸ்டல்’ என்று ஒரே வார்த்தை. அதற்குக் கீழே அப்பா கேட்டதும் சார் சொன்னதும் அப்படியே இருந்தது. கறி வரைக்கும். மொட்டை மாடி வரைக்கும். ரெஜினா மேடத்தைக் கண்டால் பயம் என்பதை மட்டும் அக்கா விட்டிருந்தார்.

சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

“இது நான் இப்ப சொன்னதுதானே?”

“ஆமா சார்.”

“இதுல தாளாளர் எங்கம்மா?”

“அவரு ஹாஸ்டல்ல சேரப் போறாரா சார்?”

சார் சிரித்தார். இந்தத் தடவை அடக்கவில்லை. பிறகு திரையைத் தொட்டுப் பார்த்தார், அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

“இருந்தாலும் பத்து நிமிஷம் பேசாம இருந்திருக்கணும். அவர் செருப்பை மாட்டினதும் என்னால முடியலை.”

“உங்களால ஆறு நிமிஷத்துக்கு மேல முடியலை சார்” என்றார் அக்கா. “உங்க வெப்சைட்டுக்கு மட்டும் நாலு வருசமா வாயைத் திறக்காம இருக்க எப்படி முடிஞ்சது?”

“இதை எனக்கு அனுப்பி வைம்மா” என்றார் சார்.

நாங்கள் ஓடிப்போய் நாலு இருபதைப் பிடித்தோம்.

இப்போது நான் கேன்டீனுக்குப் பின்னால் ரெண்டாவது மாடியில் இருக்கிறேன். ரூமுக்கு நாலு பேர், சரிதான். ஞாயிற்றுக்கிழமை கறி, அதுவும் சரிதான், ஆனால் எலும்பு ஜாஸ்தி. அதையும் வெப்சைட்டில் போடச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். ‘வீடு’ இப்போது ‘முதல் பக்கம்’ ஆகிவிட்டது. பாட்டு இல்லை. தேதி ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கிறது.

தாளாளர் ‘எங்களைப் பற்றி’ என்பதற்குள் போய்விட்டார். சின்னதாக, அங்கேயும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். அறுபது முடிந்துவிட்டது, அறுபத்தொன்றுக்காவது படத்தை முன்னால் கொண்டுவந்து மேலே பூ விழ வை என்று சாருக்கு மூணு தடவை ஆள் அனுப்பிச் சொன்னார்களாம். மூணு தடவையும் “சரிங்க” என்றாராம்.

இன்று காலையில்கூடத் திறந்து பார்த்தேன். ஒரு இதழும் விழவில்லை.