எல்லா முகவரிக்கும் ஒரு பெயர்

"மூணு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க, அம்மணி. மூணு தடவையும் ஒரே வரி."

சென்னியப்பன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

சத்தியமங்கலம் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி அது. படிகள் செங்குத்து. ஐம்பத்து நான்கு வயதில் கோபத்தோடு ஏறினால் பாதிக் கோபம் மூச்சு வாங்குவதிலேயே போய்விடும். மீதிப் பாதி அவரிடம் தாராளமாகவே இருந்தது.

"உள்ள வாங்கண்ணா. வெயில்ல வந்திருக்கீங்க," என்றாள் செல்வநாயகி.

அவளுக்கு முப்பத்தாறு. ஊர் உலகமெல்லாம் பயன்படுத்தும் ஒரு டிபக்கரைப் பராமரிப்பவள். ஒரு புரோகிராம் செத்து விழுந்தால், எந்த இடத்தில் விழுந்தது என்று தேடிச் சொல்லும் கருவி அது. அதில் யார் எதைச் சேர்ப்பதானாலும் அவள் சம்மதம் வேண்டும்.

ஆறு வருஷமாக சென்னியப்பன் அவளிடம்தான் கற்றுக்கொள்கிறார். வயதுக்கு அவர் அண்ணன், பாடத்துக்கு அவள் குரு. இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

"அந்த ஒரு வரி என்னங்கண்ணா?"

"நீங்க எழுதினதை என்கிட்டயே கேக்கறீங்களா?"

"படிச்சீங்களான்னு பாக்கறேன்."

"'இது எல்லாத்துக்கும் பதில் சொல்லுது.' அதான் வரி. மொதல் தடவை பாராட்டுன்னு நெனச்சு வீட்ல பாயசம் வெக்கச் சொன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண புரோகிராமில் ஃபங்ஷன் என்கிற ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு, மெமரியில் அது எந்த எண்ணில், அதாவது எந்த முகவரியில், இருக்கிறது என்ற குறிப்பும் முன்கூட்டியே உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுத் துண்டுகளைத் தானாகச் செய்துகொள்ளும் புரோகிராம்களும் இருக்கின்றன. ஜிட் என்பார்கள். அந்தத் துண்டு பிறந்ததும் டிபக்கருக்குத் தெரியாது, அழிந்ததும் தெரியாது. புரோகிராம் அங்கே போய்ச் செத்தால், பெயர் வரவேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு டிபக்கர் சும்மா இருந்துவிடும்.

சென்னியப்பனின் கம்பெனிக்கு அந்தக் கேள்விக்குறிகளைக் கண்டாலே ஆகாது.

அதனால் அவர் ஒரு பிளகின், டிபக்கரோடு ஒட்டிக்கொண்டு உதவும் ஒரு குட்டிப் புரோகிராம், எழுதினார். ஜிட் தனக்கென்று வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலை அது படிக்கும். டிபக்கர் ஒரு முகவரியைக் கொடுக்கும், பிளகின் ஒரு பெயரைக் கொடுக்கும். இரண்டும் பேசிக்கொள்ள வேண்டிய முறையையும் அவரே வகுத்தார். செல்வநாயகி ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும். அதன்பிறகு இந்த மாதிரி பிளகின் எழுதுகிற எல்லோரும் அந்த முறைப்படிதான் எழுத வேண்டும், பத்து வருஷத்துக்கு ஒருவரும் அதில் கை வைக்க முடியாது.

"கேட்டதுக்குப் பதில் சொல்றது குத்தமா, அம்மணி?"

"இல்லீங்கண்ணா."

"அப்பறம் ஏன் திருப்பி அனுப்பறீங்க?"

"தண்ணி குடிங்க."

"தண்ணி வேண்டாம். சம்மதம் வேணும். இல்லைன்னா உங்க டிபக்கரை அப்படியே நகல் எடுத்து, என் பிளகினோட தனியா வெளியிடுவேன். எனக்கும் கை இருக்கு."

"வெளியிடுங்க. எல்லாருக்கும் திறந்து வெச்ச கருவிதான் அது. சட்டம் தடுக்காது, நானும் தடுக்க மாட்டேன்."

மிரட்டல் இப்படி வீணாய்ப் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இத்தனை நாள் மெயில்லதானே சண்டை போட்டீங்க. இன்னிக்கு என்ன, நேர்ல?"

"நாலு மணிக்குள்ள சம்மதம் வேணும்."

"நாலு மணிக்கு என்ன?"

சென்னியப்பன் சொன்னார்.

பால் டேங்கர் லாரிகளுக்கு வழி சொல்லும் மென்பொருள் அவர்களுடையது. போன வாரம் அது செத்துப்போனது. வாளையாரில் நாற்பது லாரி வெயிலில் நின்றது. பால் மொத்தமும் திரிந்துவிட்டது.

சாகும்போது மெமரி இருந்த நிலையை அப்படியே எடுத்து சென்னியப்பனிடம் கொடுத்தார்கள். அவர் தன் பிளகினைப் போட்டுப் பார்த்தார். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. செத்த இடத்தில் 'வழி மாற்று' என்ற ஃபங்ஷனின் பெயர் பளிச்சென்று வந்தது. அவர் டீமில் இருக்கும் ஜெசிந்தா எழுதியது. அவர் ரிப்போர்ட் கொடுத்தார்.

"டைரக்டர் மதுசூதன் ஒரு தாள் தயார் பண்ணிட்டார். தப்பு என்னோடதுன்னு ஜெசிந்தா இன்னிக்கு நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். போட்டா ஒரு எச்சரிக்கையோட போகும். போடலைன்னா நாளைலேர்ந்து வேலை இல்லை."

"போட்டாங்களா?"

"மாட்டேங்கறாங்க. 'அந்த எடம் என் ஃபங்ஷன் இல்லை. இன்னும் யாருமே ஏத்துக்காத ஒரு பிளகின் சொன்னதுக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்'னு கேக்கறாங்க. அதான் டைரக்டர் என்னை இங்க அனுப்பினார். நீங்க ஏத்துக்கிட்டா அவங்க வாயை அடைச்சிடலாம்."

"ஜெசிந்தா எப்படிப்பட்ட ஆளுங்கண்ணா?"

"நல்ல வேலைக்காரங்க. பிடிவாதம் ஜாஸ்தி."

"பிடிவாதம் யாருகிட்ட கத்துக்கிட்டாங்க?"

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"வேலை கத்துக் குடுத்தது நான்தான்," என்றார்.

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது. செல்வநாயகி அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

"பிளகினைத் திறங்கண்ணா."

அவர் லேப்டாப்பைத் திறந்து, போன வாரம் எடுத்த அந்த மெமரியை ஏற்றினார். அவள் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஆறு இலக்கம் அடித்தாள்.

'சுங்கச்சாவடி பார்' என்று பெயர் வந்தது.

"இது யாரு எழுதினது?"

"உதயச்சந்திரன். பட்டியல்ல மொதல் ஃபங்ஷன் அது."

"நான் குடுத்தது இந்த ஊர் பின்கோடு."

அவர் புருவத்தைச் சுருக்கினார். அவள் மறுபடியும் அடித்தாள். இந்தத் தடவை பத்து இலக்கம்.

'வழி மாற்று' என்று வந்தது.

"இது?"

"ஜெசிந்தா."

"நான் குடுத்தது என் போன் நம்பர்."

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் அடங்கியிருப்பார்கள். சென்னியப்பன் அடங்குகிற ஆள் இல்லை.

"இது அழும்பு, அம்மணி. போன் நம்பரைக் குடுத்தா அது பாவம் என்ன பண்ணும்? டிபக்கர் என்னிக்காவது போன் நம்பர் கேக்குமா? நீங்க ஒரு வேலைக்காரனைத் தப்பான தெருவுக்கு அனுப்பிட்டு, வழி தெரியலையேன்னு சிரிக்கறீங்க."

"வழி தெரியலைன்னு அவன் சொல்லவே இல்லீங்களே."

"அவன்கிட்ட சரியான கேள்வியைக் கேளுங்க."

"சரி. நீங்களே கேளுங்க. லாரி நின்ன அன்னிக்கு டிபக்கர் என்ன முகவரி கேட்டுச்சு?"

அவர் அடித்தார். 'வழி மாற்று'.

"பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன். ஜெசிந்தாவோட ஃபங்ஷன் பட்டியல்ல எத்தனாவது?"

"கடைசி."

"அது எங்க ஆரம்பிக்குது?"

அவர் ஒரு எண்ணைச் சொன்னார்.

"எங்க முடியுது?"

"அதை நான் வாங்கி வெக்கலை. கேட்ட முகவரிக்கு முன்னாடி எந்த ஃபங்ஷன் கிட்டத்துல ஆரம்பிக்குதோ, அந்தப் பேரைக் குடுத்துடும். முன்னாடி எதுவுமே இல்லைன்னா மொதல் பேரைக் குடுத்துடும். பேர் இல்லாம திரும்பி வரக்கூடாதுன்னுதான் எனக்கு உத்தரவு. கேள்விக்குறியோட கஸ்டமர் முன்னாடி போய் நிக்க முடியாதுன்னு டைரக்டர் தெளிவா..."

பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

செல்வநாயகி எழுந்து போய் அடுப்பில் டீக்கு வைத்தாள்.

சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு துண்டும் எங்கே முடிகிறது என்பதையும் ஜிட்டிடமிருந்து வாங்கினார். அதைச் செய்ய எட்டு வரி போதுமானதாக இருந்தது. அடுத்த மாற்றம் ஒரே வரிதான், அதற்குத்தான் நேரம் பிடித்தது. பிளகின் பெயர் சொல்லாமல் வெறுங்கையோடு திரும்பலாம் என்று அனுமதிக்கும் வரி. அதை எழுதினார், அழித்தார். டீ வந்தது. குடிக்காமல் மறுபடியும் எழுதினார்.

ஓட்டிப் பார்த்தார்.

ஜெசிந்தாவின் ஃபங்ஷன் எங்கேயோ முடிந்துபோயிருந்தது. லாரிகளை நிறுத்திய முகவரி அதற்கு வெகுதூரம் தள்ளி இருந்தது. ஜிட் ஏதோ ஒரு துண்டைச் செய்து, அழித்து, பட்டியலில் எழுதாமலே விட்ட இடம் அது. அங்கே இப்போது இரண்டு கேள்விக்குறிகள் நின்றன.

சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. தானே வேலை கற்றுக்கொடுத்த ஒருத்தியின் வேலையைத் தன் கையாலேயே பறிக்கப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் தன்னுடையது இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, பிடிவாதம் என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்.

"அப்ப ஜெசிந்தா தப்பு பண்ணலை," என்றார்.

"அதையும் இது சொல்லலீங்கண்ணா."

"பின்ன என்னதான் சொல்லுது?"

"டீயைக் குடிங்க. ஆறுது."

மூன்றே காலுக்கு அவர் போன் அடித்தது. டைரக்டர் மதுசூதன்.

சென்னியப்பன் ஸ்பீக்கரில் போட்டார். ஒளிக்க என்ன இருக்கிறது.

"என்னாச்சுங்க, அந்தம்மா ஏத்துக்கிட்டாங்களா?"

"இல்லீங்க சார். நான் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கறேன். ஜெசிந்தா பேர் வந்தது என் பிளகின் பண்ணின தப்பு."

"இப்ப வந்து இப்படிச் சொன்னா எப்படி? பால் கம்பெனிக்காரங்க எனக்கு எதிர்ல உக்காந்திருக்காங்க. யாருன்னு கேக்கறாங்க."

"ஜெசிந்தா இல்லீங்க."

"ஜெசிந்தா இல்லைன்னா யாரு? எனக்கு ஒரு பேர் வேணும்."

"அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. நான் போட விடவும் மாட்டேன்."

"நீங்க யாரைக் காப்பாத்தறீங்கன்னு எனக்குத் தேவையில்லை. அஞ்சு நிமிஷத்துல எனக்குப் பேர் வேணும்."

சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். இருபத்தெட்டு வருஷத்தில் டைரக்டரிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போது உயர்த்தினார்.

"அப்ப என் பேரைப் போட்டுக்கங்க. சென்னியப்பன். தெளிவா எழுதிக்கங்க. போதுமா?"

மறுமுனையில் பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது.

சென்னியப்பன் செல்வநாயகியைப் பார்த்தார். ஒரு சபாஷ் வரும் என்று எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன். முகத்தில் அப்படி ஒரு களை.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அவருடைய பழைய பிளகினை எடுத்தாள். மெமரியின் நகல் ஒன்றில் அந்தப் பெயர்ப் பட்டியலைத் திறந்து, கடைசியில் ஒரு பெயரைச் சேர்த்தாள். பிறகு தன் போன் நம்பரை அடித்தாள்.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

'சென்னியப்பன்' என்று வந்திருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே டயர் கடையில் யாரோ டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் இருந்த களை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் அவரே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஹலோ? இருக்கீங்களா?" என்றார் டைரக்டர். "சரி, எழுதிக்கிட்டேன். சென்னியப்பன். நீங்களாவே ஏத்துக்கிட்டதா போட்டுடறேன்."

"அதை அடிச்சிடுங்க சார்."

"எதை?"

"என் பேரை."

"விளையாடறீங்களா? இப்பதானே போடச் சொன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன். பேர் இல்லாம திரும்பக்கூடாதுன்னு என் பிளகின் மாதிரியே நானும் ஒண்ணைக் குடுத்துட்டேன். அந்த எடத்துல இருந்த துண்டை நான் எழுதலை. யாரு எழுதினதுன்னும் எனக்குத் தெரியலை."

"தெரியலையா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. இவங்களை எதிர்ல வெச்சுக்கிட்டு நான் தெரியலைன்னு சொல்லணுமா? அதைச் சொல்ல உங்களுக்குக் கூசலையா?"

"கூசுதுங்க," என்றார் சென்னியப்பன். "நாளைக்கு ஜெசிந்தாவைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க. தேடறதுக்கு எனக்கு ஆள் வேணும்."