காருக்குச் சொந்த ஊர் விசாரித்த கதை

ஒத்தப்பனைப்புதூரில் அறிவாளிகள் மூன்று பேர் உண்டு. அப்படி அந்த மூன்று பேரும் சொல்வார்கள். அர்த்தநாரி, குஞ்சப்பன், சடையப்பன். இதில் அர்த்தநாரிக்குக் கொஞ்சம் மஞ்சள் காடும், நல்ல மனசும், பூங்கோதை என்றொரு பெண்டாட்டியும் இருந்தார்கள். அந்த வருஷம் மஞ்சள் நல்ல விலைக்குப் போனதில், வீட்டுக்குக் கார் வாங்குவதென்று முடிவாயிற்று.

முடிவு செய்தது பூங்கோதை. ஆனால் கார் பார்க்கப் போகும் நேரத்தில் அவள் தங்கச்சிக்குப் பிரசவ வலி வந்துவிட, திருப்பூருக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. "மாப்பிள்ளைக்கு ஒரு குடை வாங்கவே தெரியாது, காரா?" என்று அவளுடைய அண்ணன் நாலு பேர் முன்னால் சிரித்தான். அர்த்தநாரிக்கு அது மூன்று நாள் சோறு இறங்காத அளவுக்கு உறைத்தது.

பஸ் ஏறும்போது பூங்கோதை படித்துப் படித்துச் சொன்னாள். "ஏனுங்க, அது பிரீமியம் காம்பேக்ட் எஸ்யூவி. சும்மா கண்ணால பாத்துட்டு வந்துராதீங்க, தொட்டுப் பாருங்க. வெலைய வெளியிலயும் விசாரிங்க. முக்கியமா, எங்க செஞ்சதுன்னு கேளுங்க. எல்லாம் தோதா இருந்தா வாங்கிருங்க. நான் ஞாயித்துக்கெழம வர்றப்ப வாசல்ல நிக்கோணும்."

டவுனுக்குப் போகும் வழியெல்லாம் மூவரும் ஆலோசித்தார்கள்.

"பிரீமியம்னா என்னன்னு எனக்குத் தெரியும்" என்றான் சடையப்பன். ஒரு தடவை மெட்ராஸ் வரை ரயிலில் போனவன் என்பதால் உலக விஷயமெல்லாம் அவன் பொறுப்பு. "எங்கப்பன் கட்டிட்டிருந்தாரு. வருஷா வருஷம் கட்டோணும். செத்தாத்தான் கைக்கு வரும்."

"அப்ப காரு எனக்கு எப்பக் கெடைக்கும்?"

"நீ போய்ச் சேந்ததும் மாப்ள."

அர்த்தநாரி கவலையோடு ஜன்னல் பக்கம் திரும்பினான். "காம்பேக்ட்டுன்னா?"

"அது எம்பட சம்சாரத்துக்கிட்ட இருக்குது" என்றான் குஞ்சப்பன். "பவுடர் டப்பா. தெறந்தா கண்ணாடி இருக்கும். நாம மூணு பேரும் எப்படி உக்காரறதுன்னுதான் ரோசனையா இருக்குது."

ஷோரூம் வாசலில் அர்த்தநாரி அவர்களை நிறுத்தினான். "கண்ணால பாக்கப்படாதுன்னு சொல்லியிருக்கா. எல்லாரும் மூடுங்கடா."

மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி உள்ளே போனார்கள். முதலில் கண்ணாடிக் கதவைத் தொட்டுப் பார்த்தார்கள், நெற்றியால். அப்புறம் குஞ்சப்பன் கைக்கு ஏதோ அகப்பட்டது.

"மாப்ள, சிக்கிருச்சு! மொகப்பு நல்லா அகலமா இருக்குது. ஆனா மீச வெச்சிருக்குதே?"

"இழுத்துப் பாரு, கெட்டியா இருக்குதான்னு."

இழுத்தான். வாட்ச்மேன் போட்ட சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது.

"ஆரன் பிரமாதம்!" என்றான் சடையப்பன்.

ஓடிவந்த ஜனனி என்ற விற்பனைப் பெண், அவர்களைச் சமாதானப்படுத்திக் கண்ணைத் திறக்க வைத்து, நிஜமான காருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மயில் கழுத்து நிறத்தில் அது தளதளவென்று நின்றது. முன்விளக்குகள் மட்டும் கீற்றுப் போல மெல்லிசாக இருந்தன.

"உஸ்ஸ்" என்றான் அர்த்தநாரி. "தூங்குது."

மூவரும் மூச்சை அடக்கிக் கைகட்டி நின்றார்கள். ஜனனி சாவியை அமுக்கினாள். விளக்குகள் பளிச்சென்று சிமிட்டின. மூவரும் ஒரே நேரத்தில் கும்பிடு போட்டார்கள்.

"டிக்கி நானூறு லிட்டருங்க சார்" என்றாள் ஜனனி பெருமையாக.

"காலைலயா, சாயந்தரமா?" என்று கேட்டான் குஞ்சப்பன். அவன் வீட்டில் ரெண்டு எருமை. அதுகள் பத்து லிட்டரைத் தாண்டியதில்லை.

விலைக்கு வந்தார்கள். "ஷோரூம் விலை பத்து லட்சங்க. ரோட்டுக்கு வந்தா பன்னெண்டரை" என்றாள் ஜனனி.

அர்த்தநாரி வாசலைப் பார்த்தான். ரோடு பத்தடி தூரத்தில் இருந்தது. "பத்தடிக்கு ரெண்டரை லட்சமா?"

மூவரும் மூலையில் கூடினார்கள்.

"ரோட்டுலயே எறக்காம ஊட்டுக்குக் கொண்டு போயிட்டா?" என்றான் சடையப்பன். "பின்னாடி கத்திரிக்காத் தோட்டம். அதத் தாண்டுனா வாய்க்கா. வாய்க்காலோட போனா நம்மூரு."

"வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா?"

"ஐயோ, அப்பக் கப்பல் வெல கேப்பாங்க!"

அந்த யோசனை அதோடு நின்றது. அர்த்தநாரி முக்கியமான கேள்விக்கு வந்தான். "அம்மிணி, இத எங்க செஞ்சது?"

"டிசைன் செக் நாட்டுலங்க சார்."

"செக்குலயா?" அர்த்தநாரி முகம் மலர்ந்தது. "மரச்செக்கா, இரும்புச்செக்கா?"

ஜனனி நல்ல பெண். காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. "சார், நீங்க உள்ள உக்காந்து காரையே கேளுங்க. எது கேட்டாலும் பதில் சொல்லும்" என்று கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அர்த்தநாரி உள்ளே உட்கார்ந்து தொண்டையைச் செருமினான். பெரிய மனிதர்களிடம் பேசுவது போலவே பேசினான். "வணக்கமுங்க. தங்களுக்குச் சொந்த ஊருங்க?"

கார் இனிமையான பெண் குரலில் சொன்னது: "சொந்த ஊர் மெஸ் மற்றும் பலகாரக் கடை. இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செக்காம், நாடாம்! இதோ, காரே தன் வாயால் சொல்கிறது.

ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கடைக்காரி மயிலாத்தாள் கொதிக்கும் வாணலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே பாதிதான் கேட்டது.

"ஏனுங்க, காரெல்லாம் நீங்க செய்யறதுங்களா?" என்று கத்தினான் அர்த்தநாரி.

"காரமெல்லாம் நானேதானுங்க! இருவது வருசமாச் செய்யறேன்."

அர்த்தநாரிக்குப் புல்லரித்தது. ஒரு பொம்பளை, தனியாக! "வெல எப்படிங்க?"

"கிலோ முந்நூறுங்க."

சடையப்பன் ஷோரூமில் கொடுத்த காகிதத்தைப் பார்த்தான். வண்டி எடை ஆயிரத்து இருநூறு கிலோ. மண்ணில் விரலால் எழுதிக் கணக்குப் போட்டான். மூன்று லட்சத்து அறுபதாயிரம்.

"பத்து லட்சம்னு சொன்னாளே அந்தப் புள்ள!" என்றான் குஞ்சப்பன். "பூங்கோதை வெளியில விசாரிக்கச் சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சு!"

"ஆயிரத்து எரநூறு கிலோ வேணுமுங்க" என்றான் அர்த்தநாரி.

மயிலாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணமுங்களா?"

"இல்லீங்க. குடும்பத்தோட கோயில் கொளம் போறதுக்கு."

"லூசாப் போடட்டுங்களா?"

"ஐயையோ, ஒண்ணுகூட லூசா இருக்கப்படாது! வழியில கழண்டு விழுந்தா?"

"சரிங்க, இறுக்கிக் கட்டிர்றேன். கைமுறுக்கும் சேத்திக்கலாமுங்களா?"

"அதென்னமோ, நல்லா முறுக்கிருங்க. போல்ட்டு பத்திரம்."

முன்பணம் கைமாறியது. மயிலாத்தாள் மூன்று ஊர் மாஸ்டர்களை வரவழைத்து இராப்பகலாகப் பொரித்தாள். அர்த்தநாரி அந்த வாரம் முழுக்க மச்சானின் முகத்தை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

ஞாயிறு காலை இரண்டு டெம்போ வந்து மூட்டைகளை இறக்கிவிட்டுப் போயின. அர்த்தநாரி ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே மிக்சர். இன்னொன்றைப் பிரித்தான், முறுக்கு.

"பார்ட்டு பார்ட்டா அனுப்பியிருக்காங்க" என்றான் கடைசியில். "நாமதான் மாட்டிக்கோணும்."

மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஓமப்பொடியை ஒயர் என்றும், வறுத்த கடலையை நட்டு என்றும் பிரித்தார்கள். முறுக்கில்தான் தகராறு வந்தது. சக்கரம் என்றான் குஞ்சப்பன், ஸ்பிரிங் என்றான் சடையப்பன். கடித்துப் பார்த்தும் தீரவில்லை.

"நாலு சக்கரத்துக்கு நாலாயிரம் வந்திருக்குது" என்றான் அர்த்தநாரி. "ஆயுசுக்கும் பஞ்சர் பயமில்ல."

அப்போது பூங்கோதை பையோடு வந்து சேர்ந்தாள். வாசலைப் பார்த்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். மூவரும் பூரிப்போடு நிற்பதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த மிக்சர் மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

அர்த்தநாரி அலறிக்கொண்டு ஓடினான்.

"ஐயோ, எந்திரி புள்ள, அது இன்ஜினு! சீட்டு அக்கட்டால இருக்குது பாரு!"