படம் வராத பெட்டி

"செத்துப்போச்சு டீச்சர்."

கதவைத் திறந்ததும் திரவியம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வாங்க என்று சொல்லக்கூட மறந்துவிட்டார்.

ஆமினா டீச்சர் செருப்பைக் கழற்றினார். டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது, திரவியத்துக்கு ஐம்பத்தொன்று. திண்டுக்கல்லில் ஒரு சைக்கிள் கடை மாடியில் டீச்சர் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பார். ஞாயிறுதோறும் அங்கேயே பாடமும் நடக்கும். கேட்ட கேள்விக்கு உடனே நேராகப் பதில் சொல்கிற பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. அந்த மனுஷியிடம்தான் திரவியம் மூன்று மாதமாகப் பாடம் கற்க மாட்டிக்கொண்டிருக்கிறார்.

முன்னறையில் ஒரு பக்கம் மேசை. அதன்மேல், மலிவான சாமான்களாகப் பொறுக்கி வாங்கித் திரவியம் தன் கையாலேயே சேர்த்த கம்ப்யூட்டர்.

மறுபக்கம் கட்டில். அதில் அவர் மனைவி பவளக்கொடி.

பக்கவாதம் வந்து நாலு மாதம். கை கால் அசையாது. பேச்சு இல்லை. கண் மட்டும் திறந்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அக்காவுக்குத் தொந்தரவா இருக்காதே?"

"சத்தமாவே பேசுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் என்ன சொல்றது? நாலு மாசமா நான் பாக்குறேன்ல. கூப்பிட்டா ஒரு பதில் உண்டா?"

டீச்சர் கட்டிலைப் பார்த்தார். பிறகு மேசைப் பக்கம் வந்தார்.

திரவியம் கொட்டித் தீர்த்தார். வேலை பார்க்கும் நூல் மில்லில் லீவெல்லாம் தீர்ந்துபோயிற்று. சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே நூல் ஆர்டர்களை டைப் அடித்துத் தரலாம் என்று மேனேஜர் மனமிறங்கிச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஷிப்டுக்குப் போயாக வேண்டும். பவளக்கொடியைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை.

"இது வேல செய்யல. அதான் படுக்கையில கெடக்குறவங்களப் பாத்துக்குற இல்லத்துக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்கு வண்டி வருது. அவளுக்கென்ன, எங்க கெடந்தாலும் ஒண்ணுதான்."

கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போனவர்.

"போட்டுக் காட்டுங்க."

சுவிட்சைப் போட்டார். உள்ளே காற்றாடி சுற்றியது. திரையில் 'நோ சிக்னல்' என்று ஒரு முறை வந்து, அதுவும் இருண்டது. திரவியத்தின் கை தானாகச் சுவிட்சை அணைக்கப் போனது.

டீச்சர் சுவிட்சைத் தன் கையால் மறைத்துக்கொண்டார்.

"எத்தன தடவ இப்படி அணைச்சீங்க?"

"நாப்பது இருக்கும்."

"எதுக்கு?"

"பதிலே இல்லையே டீச்சர்!"

அது உள்ளே கிளம்பி முடிய டீச்சர் ஒரு நிமிஷம் விட்டார். பிறகு கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டினார்.

ஓரத்தில் பொட்டளவு பச்சை விளக்கு எரிந்தது.

மறுபடி தட்டினார். அணைந்தது. தட்டினார். எரிந்தது.

"லைட்டுதானே," என்றார் திரவியம்.

"இது கீபோர்டு தன்னால எரிய விடுற லைட்டு இல்லண்ணே. உள்ள இருக்குறது எரிய விடுது. நான் தட்டுறது அதுக்குத் தெரியுது."

"அப்ப படம்?"

"நீங்க வாங்குன ப்ராசஸர் வெல கம்மியான ரகம். எல்லா வேலையும் செய்யும். படம் காட்டுற பாகம் மட்டும் அதுல கெடையாது. அதுக்குத் தனியா கார்டு போடணும்."

"அப்ப இது சாகலையா?"

"மொத நாள்லேருந்து முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் அணைச்சிருக்கீங்க."

பையிலிருந்து பழைய கார்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதப் போடுங்க. திங்கக்கெழம வேல ஆரம்பிச்சிடலாம்."

திரவியம் கார்டைத் தொடவில்லை. பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று இல்லத்துக்காரரிடம் பேசியது அந்தக் கட்டிலருகே நின்றுதான். போன வாரம் துணி மாற்றும்போது, "இன்னும் எத்தன நாளைக்குடி என்னைய இந்தப் பாடு படுத்தப் போற, போய்ச் சேந்தாத்தான் என்ன" என்று கத்தியதும் அங்கேதான். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தால்? இப்படி ஒரு பயத்தை அவர் ஜென்மத்தில் அறிந்ததில்லை.

கட்டிலுக்குப் போய் மண்டியிட்டார்.

"பவளம்… நான் சொல்றது கேக்குதுன்னா, ஒரு தடவ கண்ண மூடித் தொற."

பவளக்கொடியின் கண் விட்டத்தை விட்டு மெல்ல இறங்கியது. அவரைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

மூடினாள்.

"வண்டி வேணாம்னு சொல்லிடுறேன் பவளம். இப்பவே சொல்லிடுறேன்."

அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. இமைகள் மட்டும் இறுகியிருந்தன.

"தொறம்மா."

அவள் திறக்கவில்லை.