கரடிப்புதூருக்குப் போன குழிகள்

நெட்டூரணி கலைக் கல்லூரியில் ஒரு கூடைப்பந்து அணி, ஒரு கால்பந்து அணி, ஒரு ரசிகர் மன்றம் ஆகிய மூன்றும் இருந்தன. முதல் இரண்டும் ஆண்டு தவறாமல் தோற்று வந்தன. ரசிகர் மன்றம் மட்டும் தோற்றதே இல்லை. அதை எதிர்த்து ஆட யாரும் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

மன்றத்தில் நான்கு பேர். நான்கு பேருக்கும் பதவி உண்டு. தலைவர் கோதண்டம், வரலாறு மூன்றாமாண்டு. செயலாளர் சகாயராஜ், ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், ஆனால் பந்து தன் பக்கம் வந்தால் குனிந்துகொள்வான். துணைத் தலைவர் மீரான் எதையும் இரண்டு முறை யோசிப்பான். இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் யோசிப்பான். கொள்கைப் பரப்புச் செயலாளர் தங்கபுஷ்பம் கணிதம் படிக்கிறவள். அதனால் அவள் சொன்னால் மற்ற மூவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். வெறும் உறுப்பினர் என்று யாரும் கிடையாது.

கல்லூரி திறந்ததும் கேன்டீனுக்குப் பின்னால் மன்றம் கூடியது. அந்த ஆண்டின் நிலவரத்தை ஆராய வேண்டியிருந்தது.

"கூடைப்பந்து எப்படிப் போகும்?" என்று கேட்டான் கோதண்டம்.

"போன வருஷம் கடைசி இடம். அதுக்குக் கீழ இடமே இல்ல தலைவரே. இனிமே ஏறுமுகம்தான்" என்றான் மீரான்.

"அதே இடத்துல நின்னுட்டா?"

"நின்னா நிதானமான ஆட்டம்னு சொல்லிக்கலாம்."

"கால்பந்து?"

மீரானின் முகம் வாடியது. "அதுல கடைசிக்கு முந்தின இடம். அதான் பயமா இருக்கு. கீழ இன்னும் ஒரு இடம் பாக்கி கெடக்கு."

இந்தக் கவலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கல்லூரிப் பேருந்துகளை நிறுத்த இடமில்லை என்று முதல்வர் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டு இரண்டில் ஏதாவது ஒரு கோப்பையாவது வராவிட்டால் அணிகளைக் கலைத்துவிட்டு விளையாட்டு மைதானத்தில் பேருந்துகளை நிறுத்தப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். அணி இல்லையென்றால் மன்றம் யாருக்கு ரசிகராக இருப்பது? பேருந்துக்கா? அன்றிரவு நான்கு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் நேராக வேலாயுதம் சாரிடம் போனார்கள். இரண்டு அணிகளுக்கும் அவர்தான் பயிற்சியாளர்.

"சார், நாங்க என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க. உயிரைக் கொடுத்துச் செய்யறோம்."

"உயிரெல்லாம் வேண்டாம். கை தட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றார் சார்.

முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் விசில் ஊதிய நொடியில் தட்டத் தொடங்கினார்கள். எதிரணி புள்ளி எடுத்தபோதும் தட்டினார்கள். நம் அணி தோற்றபோதும் தட்டினார்கள். சார் சோர்ந்துபோய் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மன்றம் பேருந்திலும் தட்டிக்கொண்டே வந்தது. சாப்பாட்டு நேரத்தில் இருவர் தட்ட, இருவர் சாப்பிட்டார்கள். மறுநாள் பொருளாதார வகுப்பிலும் சத்தம் ஓயாததால் பேராசிரியர் ஆளனுப்பி சாரை வரவழைத்தார்.

"போதும்ப்பா" என்றார் சார்.

சகாயராஜ் வீங்கிய கைகளைப் பார்த்துக்கொண்டே, "இதை நேத்தே சொல்லியிருக்கலாம் சார்" என்றான்.

சார் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். "கை தட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. நம்ம வளையம் இடது பக்கம் சாய்ஞ்சு கெடக்கு. பசங்களுக்கு அதுல போட்டுப் போட்டே கை பழகிருச்சு. வெளியூர் வளையத்துல எப்படிப் போட்டாலும் ஒரு சாண் தள்ளிப் போகுது. நம்ம வளையம் மட்டும் அங்க இருந்திருந்தா நேத்து ஜெயிச்சிருப்போம்."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆட்டம் கரடிப்புதூர்க் கல்லூரியில். அதிலும் தோற்றால் கூடைப்பந்துக் கோப்பை கைவிட்டுப் போனமாதிரிதான். ஆட்டத்தன்று காலையில் கரடிப்புதூர் போகும் பேருந்தில் மன்றம் ஏறியது. சகாயராஜின் கழுத்தில் மாலைபோல் இரும்பு வளையம் தொங்கியது. வலை அவன் மார்பில் ஆடியது.

"என்ன தம்பி இது?" என்றார் நடத்துநர்.

"எங்க காலேஜு வளையம்ண்ணே."

"ஏன், போற எடத்துல வளையம் இல்லயா?"

"இருக்குண்ணே. ஆனா அது நேரா இருக்கும்" என்றான் சகாயராஜ் வருத்தத்தோடு.

கரடிப்புதூரில் நடுவர் வளையத்தை மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை. விதிப் புத்தகத்தில் இல்லை என்றார். மன்றம் ஆட்டக்களத்தின் ஓரத்திலேயே அவசரக் கூட்டம் போட்டது. கடைசியில் சகாயராஜின் தோளில் கோதண்டம் ஏறி உட்கார்ந்தான். வளையத்தை, வழக்கமான சாய்வோடு, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

நம் பிள்ளைகள் பாவம். பழகிய வளையம் கண்ணில் பட்டதும் கை தானாகவே அந்தப் பக்கம் போய்விட்டது. போட்டதெல்லாம் விழுந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. ஒன்றையும் நடுவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

"நம்ம வளையத்துல பாத்தா நாமதான் ஜெயிச்சோம். அவங்க ஒண்ணுகூடப் போடல" என்றாள் தங்கபுஷ்பம். முதல்வரிடமும் இதையே விளக்கிச் சொன்னார்கள். முதல்வர் சன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தபடி, எத்தனை பேருந்து நிற்கும் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

இனி மிச்சம் கால்பந்துதான்.

கால்பந்தில் அந்த ஆண்டு யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. சீட்டுக் குலுக்கியதில் முதல் இரண்டு ஆட்டங்களும் நெட்டூரணி மைதானத்துக்கே விழுந்தன. அந்த மைதானத்தில் ஏழு குழிகள் உண்டு. அணித்தலைவன் பாண்டித்துரைக்கு அவை வீட்டுப் படிக்கட்டு மாதிரி. எங்கே தாண்டுவது, எங்கே ஒதுங்குவது என்பது கண்ணை மூடினாலும் தெரியும். வந்த அணிகளுக்கு அது தெரியவில்லை. ஒவ்வொருவராக விழுந்தார்கள். நம் அணி இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டது.

இறுதி ஆட்டமோ கரடிப்புதூரோடு, கரடிப்புதூரில்.

"அவங்க மைதானம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி சமமா இருக்கும். நம்ம பசங்க அங்க போய் முழிக்கப் போறாங்க" என்று புலம்பினார் சார். பக்கத்தில் மன்றம் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வளையத்தைக் கழட்டித் தூக்கிட்டுப் போனீங்கல்ல? இப்ப மைதானத்தையும் சுருட்டித் தூக்கிட்டுப் போங்க!"

மன்றம் உடனே கூடியது.

"சார் சொல்லிட்டாரு. சுருட்டணும்" என்றான் கோதண்டம்.

"புல்லு இருந்தா பாய் மாதிரி சுருட்டலாம் தலைவரே. நம்ம மைதானத்துல எங்க புல்லு இருக்கு?" என்றான் மீரான்.

தங்கபுஷ்பம் கண்ணை மூடி யோசித்தாள். "எல்லாத்தையும் ஏன் தூக்கணும்? மண்ணு அங்கயும் இருக்கு. கோல் கம்பம் அங்கயும் இருக்கு. அங்க இல்லாதது என்ன? குழி. அதை மட்டும் கொண்டுபோனா போதாதா?"

மூவரும் கயிறு தேடக் கிளம்பினார்கள். கணிதம் கணிதம்தான்.

விடுதியில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, குழிக்குக் குழி தூரம் அளந்து முடிச்சுப் போட்டார்கள். ஆழம் அளக்க சகாயராஜை ஒவ்வொரு குழியிலும் இறக்கி, மண் எட்டிய இடத்தில் காலில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் மதியம், மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, சகாயராஜின் கால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கரடிப்புதூர்க் கல்லூரி வாசலில் போய் நின்றார்கள்.

"யாருப்பா நீங்க?" என்றார் காவலாளி.

"நெட்டூரணி ரசிகர் மன்றம்ண்ணே. மைதானத்துல குழி தோண்ட வந்திருக்கோம்."

"நாளைக்கு மேட்சுக்கா?"

"ஆமாண்ணே. மேட்சுக்குத்தான்."

பந்தல் போட வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்ட காவலாளி கதவைத் திறந்துவிட்டார். "தோண்டுன மண்ணை இங்க குமிச்சு வைக்காதீங்க. எடுத்துட்டுப் போயிரணும், ஆமா" என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

ஏழு குழிகளும் அச்சு அசலாக வந்தன. மூலைக் குழியின் உள்ளே கிடக்கும் செங்கல் துண்டைக்கூட மீரான் ஊரிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்தான். மண்ணைச் சாக்குகளில் கட்டி குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி, சொன்னபடியே எடுத்து வந்துவிட்டார்கள். கல்லூரிக்கு வந்து இறங்கிய பிறகுதான் மண்ணை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

"நம்ம குழியிலயே கொட்டிரலாம். குழிதான் கரடிப்புதூருக்குப் போயிருச்சே. இங்க இன்னும் எதுக்கு? ஒரே குழி ரெண்டு ஊர்ல இருந்தா பசங்க கொழம்பிருவாங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

கொட்டினார்கள். ஒரு கூடைகூட மிஞ்சவில்லை, குறையவுமில்லை.

"அளவு எப்படி உக்காருது பாத்தியா?" என்று நெகிழ்ந்துபோனான் கோதண்டம். நான்கு பேரும் மேலே ஏறி நின்று மிதித்துச் சமன் செய்துவிட்டுப் படுக்கப் போனார்கள்.

மறுநாள் காலையில் போட்டி அதிகாரி கரடிப்புதூர் மைதானத்தைப் பார்வையிட வந்தார். முதல் குழியில் தாமே விழுந்தார். இங்கே ஆட முடியாது என்று எழுந்ததும் அறிவித்துவிட்டு, வேறு மைதானம் தேடி வண்டியில் கிளம்பினார். பதினோரு மணிக்கு நெட்டூரணி வந்தவர், மேசைபோல் சமமாகக் கிடந்த மைதானத்தைப் பார்த்து அசந்து நின்றார். "இதைப் போயா எல்லாரும் குறை சொன்னாங்க? ஃபைனல் இங்கதான்" என்றார்.

வேலாயுதம் சார் அழுதேவிட்டார். "டேய் பாண்டி, சொந்த மைதானம்டா! கண்ணை மூடிட்டு ஆடுங்கடா!"

மன்றத்தின் நிலைமைதான் பரிதாபம்.

"குழி அங்க இருக்கு, ஆட்டம் இங்க நடக்குது. இதை யார்கிட்டச் சொல்றது?" என்றான் மீரான்.

கோதண்டம் ஓடிப்போய்ப் பாண்டித்துரையின் கையைப் பிடித்தான். "பாண்டி, ஒண்ணு சொல்றேன், மனசைத் தேத்திக்க. நம்ம குழி ஊர்ல இல்ல. கரடிப்புதூர் போயிருக்கு."

"போடா அந்தப் பக்கம்" என்றான் பாண்டித்துரை. விசில் ஊதிவிட்டது.

பாண்டித்துரை கீழே பார்த்து ஆடிப் பழகியவனில்லை. பந்தோடு ஓடினான், முதல் குழி இருந்த இடம் வந்ததும் கால் தானாகவே தாண்டியது. இரண்டாவது குழிக்கு இடப்பக்கம் ஒதுங்கினான். அவன் பின்னால் வந்த ஒன்பது பேரும் அதே இடத்தில் தாண்டி, அதே இடத்தில் ஒதுங்கினார்கள். பார்ப்பதற்குப் பத்துப் பேர் ஓடையைக் கடப்பதுபோல் இருந்தது.

கரடிப்புதூர்ப் பிள்ளைகள் நெட்டூரணிக் குழிகளைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தார்கள். முதலில் பளிங்குபோன்ற தரையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள், நம்மவர்கள் தாண்டுவதைப் பார்த்ததும் பயந்துபோனார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, காலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்து நடந்தார்கள். அவர்களுடைய கோல்காவலர் மண்டியிட்டுக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாண்டித்துரை ஏழாவது குழியைத் தாண்டி வந்து பந்தை அவருடைய தலைக்கு மேல் வலைக்குள் தள்ளிவிட்டான்.

அந்த ஒரு கோல் போதுமாயிருந்தது. கோப்பை வந்துவிட்டது.

பரிசளிப்பு விழாவில் முதல்வர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசினார். பேருந்துகள் வேறெங்காவது நிற்கட்டும் என்றார். "இந்த மைதானம் இதுவரை எப்படி இருந்ததோ அப்படியேதான் இனியும் இருக்கும். அதில் ஒரு மாற்றமும் இருக்கக்கூடாது. இது என் உத்தரவு!"

எல்லோரும் கைதட்டினார்கள். மன்றம் மட்டும் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருந்துச்சோ அப்படியேன்னு சொல்றாரே" என்று முணுமுணுத்தான் சகாயராஜ். "குழியோடல்ல இருந்துச்சு?"

"மாத்தினது தெரிஞ்சா மறுபடியும் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திருவாரு" என்றான் மீரான்.

"பேசாம குழியைத் திருப்பிக் கொண்டுவந்துருவோம்" என்றான் கோதண்டம்.

மறுநாளே காலிச் சாக்குகளோடு கரடிப்புதூர் போனார்கள். ஒவ்வொரு குழியிலும் சாக்கை விரித்து இறக்கி, வாயை நன்றாக அகட்டிப் பிடித்து, குழி முழுவதும் உள்ளே வந்ததும் இறுக்கிக் கட்டினார்கள். ஏழு சாக்கையும் பக்குவமாகத் தூக்கிக் குட்டியானையில் அடுக்கினார்கள்.

ஓட்டுநர் ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "என்னப்பா லோடு இது? உள்ள ஒண்ணுமே இல்லயே?"

"குழின்னா உள்ள ஒண்ணும் இருக்காதுண்ணே" என்றாள் தங்கபுஷ்பம் பொறுமையாக.

வண்டி குலுங்கிக் குலுங்கி நெட்டூரணி வந்து சேர்ந்தது. மைதானத்தில் கயிற்றை விரித்து, முடிச்சுக்கு முடிச்சு சாக்கை அவிழ்த்துக் கவிழ்த்தார்கள். உதறினார்கள். தரை அசையாமல் சமமாகக் கிடந்தது.

 மீரான் ஒரு சாக்கை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். அடியில் எலி கடித்த ஓட்டை. அடுத்த சாக்கிலும் ஓட்டை. அவன் கல்லூரி வாசலுக்கு ஓடினான். மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள்.

கரடிப்புதூரிலிருந்து வரும் சாலை கண்ணுக்கெட்டிய தூரம் வரை குழி குழியாகக் கிடந்தது.

"அய்யய்யோ, வழி நெடுக சிந்தியிருக்கே!" என்றான் கோதண்டம்.

"நாம ஏத்துனது ஏழுதானே?" என்றாள் தங்கபுஷ்பம். "இங்க அதுக்கு மேல இருக்கே?"

"குலுங்குனதுல உடைஞ்சிருக்கும்" என்றான் மீரான்.

கோதண்டம் தலைப்பாகை கட்டிக்கொண்டு, சாக்கோடு முதல் குழியருகே போய்க் குந்தினான். எதிரே பேருந்து ஒன்று ஆடி ஆடி வந்தது. சகாயராஜ் சாலை நடுவே போய் நின்று இரண்டு கைகளையும் விரித்து அதை நிறுத்தினான்.

"அண்ணே, கொஞ்சம் ஓரமாப் போங்க. இதெல்லாம் எங்க காலேஜு குழி. ஏத்தி நசுக்கிராதீங்க."